மதுரை மேல்நிலைப் பள்ளி இயற்பியல், கணித ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். விமானி உரிமத்துக்கான எழுத்துத் தேர்வுகளுக்குப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்துவது என் தொழில். பிளஸ் டூ முடித்த கையோடு உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கமிருந்தெல்லாம் வருகிறார்கள். பெற்றோர் நிலத்தை அடகு வைத்தோ கடன் வாங்கியோ பல லட்சம் புரட்டத் துணிந்துவிடுகிறார்கள். தேர்வில் என்ன கேட்பார்கள் என்பது மட்டும் வீட்டில் ஒருவருக்கும் தெரிவதில்லை. அதில் கணிசமான பகுதி நீங்கள் நடத்திய பாடம்தான் என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள்.

வெக்டர் கூட்டலை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரை விமான நிலையத்திலிருந்து தூத்துக்குடி விமான நிலையம் ஏறத்தாழ நேர் தெற்கே, சுமார் 67 கடல்மைல். பயிற்சி விமானத்தின் வேகம் 100 நாட், அதாவது மணிக்கு 100 கடல்மைல். ஆடி மாதம், மேற்கிலிருந்து 30 நாட் காற்று. மாணவன் விமானத்தின் மூக்கைத் தெற்கே வைத்து ஓட்டினால் நாற்பது நிமிடத்தில் காற்று அவனை 20 கடல்மைல் கிழக்கே தள்ளியிருக்கும். கீழே பார்த்தால் மன்னார் வளைகுடா. சரியாகப் போய்ச் சேர, மூக்கைப் பதினேழரை பாகை மேற்கே திருப்பிப் பிடிக்க வேண்டும். அப்போது தரைவேகம், அதாவது தரையை வைத்து அளக்கும் வேகம், 95 நாட்டாகக் குறையும், பயணம் 42 நிமிடமாகும். கூடுதல் நிமிடங்களுக்கு எரிபொருள் வேண்டும். சைன், கொசைன் தவிர இதில் வேறொன்றும் இல்லை. வெக்டரில் முழு மதிப்பெண் வாங்கிய மாணவர்கள்கூட இந்தக் கணக்கின் முன் திகைத்து உட்காருவதைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது.

வாயுச் சமன்பாடும் அப்படியே. பெருங்குடியில் உள்ள நம் மதுரை விமான நிலையத்தின் ஓடுபாதை கடல்மட்டத்திலிருந்து 459 அடி உயரத்தில் இருக்கிறது. அக்னி நட்சத்திர வெயில் 40 டிகிரியைத் தொடும் நாளில் காற்று விரிந்து அடர்த்தி குறைகிறது. விமானத்தைப் பொறுத்தவரை அது சுமார் 3,500 அடி உயரத்துக் காற்று. கொடைக்கானல் மலையில் பாதி ஏறியதற்குச் சமம். இறக்கைக்குத் தூக்குவிசை குறையும், இன்ஜினின் உந்துவிசை குறையும், தரையில் ஓட வேண்டிய தூரம் கூடும். நம் ஓடுபாதையோ ஏறத்தாழ 7,500 அடிதான். எத்தனை பேரை, எவ்வளவு எரிபொருளை ஏற்றலாம் என்பது இந்தக் கணக்கில் அடங்கியிருக்கிறது.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு விமானிக்கு வேண்டிய அறிவை ஒன்பது தலைப்புகளில் வகுத்திருக்கிறது. வான் சட்டம், விமானம் பற்றிய பொது அறிவு, எடையும் செயல்திறனும், மனிதச் செயல்திறன், வானிலை, வழிகாணல் (நேவிகேஷன்), இயக்க நடைமுறைகள், பறத்தலின் கோட்பாடுகள், வானொலித் தொடர்பு. நம் நாட்டுத் தேர்வில் தேறுவதற்கு 70 விழுக்காடு வேண்டும். வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். விமான நிறுவனத்தில் கேப்டனாக அமர்வதற்கான உரிமத்துக்கு 1,500 மணி நேரம், 21 வயது. மணிக்கணக்குக்குத்தான் பணம் தண்ணீராகச் செலவாகும். அறிவுக்குச் செலவு குறைவு, அதை மதுரையிலேயே சேர்த்துக்கொள்ளலாம். பறக்கப் போவதற்கு முன்பே பாடங்களில் தேறிவிட்டவர்கள் பயிற்சியில் தடுமாறுவது குறைவு என்பதே என் அனுபவம்.

ஆகவே உங்களிடம் உரிமையோடு கேட்கிறேன். வெக்டர் நடத்தும் நாளில் மேலே சொன்ன கணக்கைக் கரும்பலகையில் போடுங்கள். ஓடுபாதையின் இரு முனைகளில் 09, 27 என்று எழுதியிருப்பது திசைகாட்டியின் 90, 270 பாகைகள் என்று சொல்லுங்கள்; ஆடியில் விமானங்கள் எந்த முனையை நோக்கி ஏறும் என்று மாணவர்களையே கேளுங்கள். தமிழ் வழியில் படிப்பவர்களுக்கும் கருத்து தமிழில் விளங்கிவிட்டால் கலைச்சொற்களை ஆங்கிலத்தில் பிடித்துக்கொள்வது கடினமில்லை. ஆனால் வானொலியில் பேச ஆங்கிலம் கட்டாயம், அதற்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்தே வாய் பழக வேண்டும்.

பைலட் ஆக வேண்டும் என்று ஒரு பிள்ளை சொன்னால், அது பணக்காரர் வீட்டுப் படிப்பு என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். பெற்றோரை அழைத்து, கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் முன் இரண்டு காரியங்களைச் செய்யச் சொல்லுங்கள்: விமானிகளுக்கான மருத்துவப் பரிசோதனையை முதலில் முடித்துவிட வேண்டும்; வழிகாணல், வானிலைப் புத்தகங்களைப் பிள்ளை மூன்று மாதமாவது உட்கார்ந்து படித்துப் பார்க்க வேண்டும். எந்தப் பள்ளி அழைத்தாலும் சனிக்கிழமைகளில் வந்து பாடம் நடத்தக் காத்திருக்கிறேன். கட்டணம் வேண்டாம்.

தங்கள் அன்புள்ள,
விமானப் பாட ஆசிரியன் ஒருவன்,
மதுரை