படத்தின் ஓரத்தை வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளிதழ்களில் போர்ச் செய்திகளுடன் வரும் படங்களில் பீரங்கியும் புகையும்தான் அதிகம். எப்போதாவது ஒரு படைவீரரின் முகம் வரும். அதுவும் பத்தி அகலத்துக்குக் கத்தரிக்கப்பட்டு, கீழே 'சோகத்தில் ஒரு வீரர்' என்ற மூன்று சொல்லோடு நிற்கும். எந்த ஊர், என்ன தேதி, யாருக்காக அந்தச் சோகம் என்ற விவரம் இருக்காது. இப்படி வெட்டும்போது படத்தின் பொருளில் பாதி போய்விடுகிறது.

கொரியப் போரில் 1950 ஆகஸ்ட் 28ஆம் தேதி அமெரிக்க ராணுவப் படப்பிடிப்பாளர் அல் சாங் எடுத்த படம் உலகறிந்தது. தோழன் கொல்லப்பட்டதால் உடைந்துபோன ஒரு வீரரை இன்னொருவர் அணைத்துத் தேற்றுகிறார். பின்னால் மூன்றாமவர் ஒருவர், தலை குனிந்து, உயிரிழந்தோர் காயமுற்றோர் விவர அட்டைகளை நிரப்பிக்கொண்டிருக்கிறார். அவரை வெட்டி எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் அழுகை. அவர் இருப்பதால்தான், பக்கத்தில் ஒருவர் கதறினாலும் எழுத்து வேலை நிற்க முடியாத இடம் அது என்பது விளங்குகிறது. போர்க்களத்தின் அன்றாடம் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது.

முகமே எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்பதும் சரியல்ல. வியட்னாமின் ஹுவே நகரில் 1968இல் பிரிட்டிஷ் படப்பிடிப்பாளர் டான் மெக்கலின் எடுத்த படத்தில், துப்பாக்கிக் குழலை இரு கைகளாலும் பற்றியபடி ஒரு வீரர் வெறித்துப் பார்க்கிறார். அடுத்தடுத்து ஐந்து படங்கள் எடுத்தும் அந்த முகத்தில் சிறு மாற்றம்கூட இல்லை. குறிப்பு இல்லாமல் பார்ப்பவர் அதை வீராவேசம் என்றே எண்ணக்கூடும். குண்டு அதிர்ச்சியில் உறைந்துபோனவர் அவர் என்பதைப் படக்குறிப்புதான் சொல்கிறது.

இத்தகைய படங்கள் எப்படி உருவாகின்றன என்று தெரிந்தால், வெட்டக் கை கூசும். பெரும்பாலும் பரந்த காட்சியைப் பிடிக்கும் 28 அல்லது 35 மில்லிமீட்டர் அகல லென்ஸ். ஒன்றரை, இரண்டு மீட்டர் தொலைவு. தொலைவில் உள்ளதை அருகில் காட்டும் 200 மில்லிமீட்டர் லென்ஸில் தூர நின்று எடுத்தால் முகம் பெரிதாக விழும். ஆனால், கழற்றி வைத்த காலணி, பாதி சாப்பிட்ட உணவுப் பொட்டலம், சுவரில் ஒட்டிய குழந்தையின் படம் எல்லாம் மங்கிவிடும், அல்லது சட்டகத்துக்கு வெளியே போய்விடும். அகல லென்ஸைத் தேர்ந்தவர் அவற்றை வேண்டுமென்றேதான் உள்ளே வைத்திருக்கிறார்.

அவ்வளவு நெருக்கத்தை நாள்கணக்கில் கூடவே இருந்துதான் பெற முடியும். முதல் இரண்டு நாள் எல்லாரும் கேமராவுக்காக முகத்தை வைத்துக்கொள்வார்கள். அந்தப் படங்கள் பெரும்பாலும் உதவாது. ஆப்கானிஸ்தானின் கோரங்கல் பள்ளத்தாக்குக்கு 2007, 2008ஆம் ஆண்டுகளில் திரும்பத் திரும்பப் போய், ஒரே படைப்பிரிவோடு தங்கியதால்தான் பிரிட்டிஷ் படப்பிடிப்பாளர் டிம் ஹெதரிங்டனால் வீரர்கள் உறங்குவதைப் படமெடுக்க முடிந்தது. தலைக்கவசம் இல்லாமல், வாய் பிளந்து, சிறுவர்களைப் போல் தூங்குகிறார்கள். வேர்ல்டு பிரஸ் போட்டோ அமைப்பு 2007ஆம் ஆண்டின் சிறந்த படமாகத் தேர்ந்ததும் அவர் எடுத்ததே. களைத்துச் சாய்ந்த வீரர் நெற்றியில் கை வைத்திருக்கும் அந்தப் படம் கொஞ்சம் அசைந்திருக்கும். அந்த அசைவைக் குறையாக நாம் கருத வேண்டியதில்லை.

அசைவதற்குக் காரணம் வெளிச்சமின்மை. ஒற்றை விளக்கு எரியும் கூடாரத்தில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 3200, எஃப் (லென்ஸ் துளையின் அளவு) 2 வைத்தாலும் ஷட்டர் வேகம் விநாடியில் 60இல் ஒரு பங்குக்கு மேல் போகாது. கடிதம் எழுதுபவருக்கு அது போதும். சிரித்துக் கையாட்டுபவருக்கு 125இல் ஒரு பங்கு வேண்டும். ஃபிளாஷ் கூடவே கூடாது. இரவில் அது இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்து உயிருக்கே உலை வைக்கும். ஃபோகஸ் செய்யத் தானாக எரியும் சிறு விளக்கு, எடுத்த படத்தைக் காட்டும் திரை இரண்டையும் முன்கூட்டியே அணைத்துவிட வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான். சத்தமில்லாத மின்னணு ஷட்டரைப் போட்டால் குழல்விளக்கிலும் எல்இடியிலும் படத்தில் வரிவரியாகக் கோடு விழும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடங்களில் 50 அல்லது 100இல் ஒரு பங்கு வேகம் வைத்தால் அது குறையும். தலையில் மாட்டும் சிவப்பு விளக்கு இன்னொரு தொல்லை. கேமரா மூன்று நிறங்களையும் சேர்த்து அளப்பதால் சிவப்பு மட்டும் வெளுத்து முகம் தட்டையாகிவிடும். ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றுவதே வழி.

நம் சிங்கப்பூரின் தேசிய சேவை (கட்டாய ராணுவப் பயிற்சி) முகாம்களில் படமெடுக்கக் கட்டுப்பாடு உண்டு. அதை மீறவே கூடாது. பழக விரும்பும் இளையர்கள், விடிகாலையில் தேக்கா சந்தையில் கடை விரிப்பவர்களிடம் அனுமதி கேட்டு எடுத்துப் பார்க்கலாம். மங்கிய வெளிச்சமும் களைத்த கைகளும் அங்கேயும் உண்டு.

அழுபவரையோ தூங்குபவரையோ எடுத்துவிட்டால், பிறகு அவரிடம் காட்டிக் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் அழித்துவிட வேண்டும். 'இன்னொரு முறை அப்படியே உட்காருங்கள்' என்று சொன்ன கணமே அது நாடகமாகிவிடும். உயிரிழந்தவரின் முகமோ பெயரோ குடும்பத்தாருக்குத் தகவல் போய்ச் சேருமுன் வெளிவரக்கூடாது. போர்க்கைதிகளை மக்களின் வேடிக்கைப் பார்வைக்கு ஆளாக்கக்கூடாது என்று 1949ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தம், 13ஆம் பிரிவில் சொல்கிறது. பின்னணியில் வரைபடமோ வானொலி அலைவரிசைத் தாளோ தெரிகிறதா, கோப்பில் இருப்பிடத் தகவல் பதிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு எடுத்தவர், அன்றிரவே ஊர், தேதி, படைப்பிரிவு, இடமிருந்து வலமாகப் பெயர்கள், அந்தக் கணத்துக்கு முன் நடந்தது எல்லாவற்றையும் எழுதி அனுப்புகிறார். செய்தி நிறுவனங்களிடமிருந்து வரும் படங்களோடு ஆங்கிலத்தில் அந்தக் குறிப்பும் வருகிறது. தமிழில் ஆக்கும்போதுதான் அது மூன்று சொல்லாகச் சுருங்கிவிடுகிறது. எனவே தங்களிடம் வேண்டுவது: தேதி, ஊர் இரண்டையும் விடாதீர்கள். இடம் போதாவிட்டால் அந்தப் படத்தை வெட்டாமல், இருக்கும் இடத்துக்குப் பொருந்தும் வேறு படத்தைப் போடுங்கள். ஏதேனும் ஒரு ராணுவமே வெளியிட்ட படமென்றால் 'ராணுவம் வெளியிட்டது' என்று தெளிவாக அச்சிடுங்கள். சிரிக்கும் வீரர்களை மட்டும் காட்டும் படங்களைப் பொறுத்தவரை இதுவே முக்கியம்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்திய தேசிய ராணுவத்திலும், 1943இல் சிங்கப்பூரில் உருவான அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையிலும் மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழர்கள் நிறையப் பேர் சேர்ந்தார்கள். வீட்டில் அக்காலச் சீருடைப் படமோ, தோழர்களோடு உட்கார்ந்திருக்கும் படமோ இருந்தால், பெரியவர்கள் இருக்கும்போதே யார், எங்கே என்று கேட்டு எழுதிவையுங்கள். பின்புறத்தில் ஓரமாக, 2பி பென்சிலால், அழுத்தாமல் எழுத வேண்டும். பேனா மை நாளடைவில் முன்பக்கம் ஊறிவிடும். பசைத்தாள் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல், பல் இடுக்கில் விடும் நூலை அடியில் செலுத்தி மெல்ல அறுத்து எடுங்கள். வராவிட்டால் அந்தப் பக்கத்தை அப்படியே 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்யுங்கள், படத்தின் வெள்ளை ஓரமும் சேர்ந்து வரும்படி.

இப்படிக்கு,
வாசகர், உட்லண்ட்ஸ்