பெட்டி வாங்கும்போதே சாவி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் பைக்கில் நெடுந்தூரம் போகிறவர்கள் சாமான் வைக்க வண்டியின் பக்கங்களிலும் பின்னாலும் மாட்டும் பூட்டுப் பெட்டிகள், அதாவது சைடு பாக்ஸ், டாப் பாக்ஸ் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை லிட்டர் கொள்ளும், எவ்வளவு எடை தாங்கும், மழைத் தண்ணீர் உள்ளே இறங்குமா என்றெல்லாம் விவரமாக இருந்தது. சாவி தொலைந்துபோனால் என்ன செய்வது என்பதைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. நான் திருச்சி உறையூரில் இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கிறேன். பெட்டி உடைந்து வருகிறவர்களைவிட, பெட்டி நன்றாக இருந்தும் சாவி இல்லாமல் வந்து நிற்கிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

வண்டிச் சாவி தொலைந்தால் இப்போது பெரிய கவலை இல்லை. லாக் செட் என்று கேட்டால் இக்னிஷன், பெட்ரோல் டேங்க் மூடி, சீட் எல்லாவற்றுக்கும் ஒரே சாவியோடு எந்த ஊரிலும் கிடைக்கிறது. பெட்டியின் கதை வேறு. அதைச் செய்தவர் வேறு, விற்றவர் வேறு, சாவியும் தனி. அந்தச் சாவி சின்னதாக, வண்டிச் சாவியோடு சேராமல் தனியே கிடக்கும். ஊருக்குப் போகும்போது மட்டும் தேடுவார்கள்; அன்றைக்குத்தான் காணாமல் போன விஷயமே தெரியவரும்.

போன மாதம் மருந்துக் கம்பெனி பிரதிநிதி ஒருவர் வந்தார். டாப் பாக்ஸ் பூட்டியிருக்கிறது, உள்ளே மருந்து சாம்பிள்களும் ஆர்டர் புத்தகமும். பெட்டி வாங்கிய கடையில் போய்க் கேட்டிருக்கிறார். “சாவி தனியா வராது சார், பூட்டும் தனியா வராது. புதுப் பெட்டி எடுத்துக்கங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மாதாந்திர இலக்கை எட்ட வெயிலில் அலைகிற மனிதரை, விரல் நீளச் சாவி ஒன்றுக்காக ஒரு முழுப் பெட்டியை மறுபடி வாங்கச் சொல்வது அநியாயம். எனக்கு இன்னும் அந்தக் கோபம் அடங்கவில்லை.

அவரைக் கடைவீதியில் சாவி போடும் பெரியவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். வண்டியையும் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஏனென்றால் பெட்டியைத் திறப்பதற்கும், அது வண்டியில் உட்காரும் தாங்கியிலிருந்து கழற்றுவதற்கும் அந்த ஒரே சாவிதான். இத்தாலியின் கிவி நிறுவனம் மோனோகீ என்று விற்கிற பெட்டிகளிலும் இதே முறைதான். சாவி கையில் இருக்கிறவரை ரொம்ப வசதி. தொலைந்துவிட்டால் பெட்டியைத் தனியாக எடுத்துப் போகவும் வழி இல்லை.

இந்தப் பூட்டுகள் பெரும்பாலும் ஒரே மாதிரி வேலை செய்கின்றன. பூட்டில் சாவி நுழைந்து திரும்பும் உருளைக்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன ஸ்பிரிங். சரியான சாவி உள்ளே போனால் எல்லாத் தகடுகளும் உருளையின் விளிம்புக்குள் அடங்கிவிடும், உருளை திரும்பும். ஒரு தகடு மயிரிழை நீட்டிக்கொண்டிருந்தாலும் திரும்பாது. பெரியவர் வெட்டாத சாவி ஒன்றை உள்ளே விட்டு லேசாக அழுத்தித் திருப்பி எடுத்தார். தகடுகள் இடித்த இடங்களில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் தழும்பு விழுந்திருந்தது. அந்த இடங்களை அரத்தால் ராவி, மறுபடி விட்டு, மறுபடி ராவி, கடைசியில் பூட்டு திறந்தது. ஒரு கீறல்கூடப் பெட்டியில் விழவில்லை. இந்தக் கைவேலை தெரிந்தவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் போகாமல் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பி மூடியை உடைத்துக்கொண்டு என்னிடம் வருகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. உருளையை மாற்றிவிடலாம், விரிந்த பிளாஸ்டிக் மூடி பழையபடி சேராது. வேறு வழியே இல்லையென்றால் பூட்டின் உருளையைத் துளைத்து எடுத்துவிட்டு வேறு உருளை போடுவதுதான் சரி.

ஆனால் இவ்வளவு பாடும் தேவையே இல்லை. நல்ல பெட்டிகளின் சாவியில் ஓர் எண் அடித்திருக்கும்; சிலவற்றில் பூட்டின் முகப்பிலும் இருக்கும். எந்தத் தகட்டுக்கு எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும் என்பதற்கான குறியீடு அது. எண்ணைச் சொன்னால், பெட்டியைப் பார்க்காமலேயே தயாரிப்பாளரால் சாவி வெட்டித் தர முடியும். பெட்டி வாங்கிய அன்றே அந்த எண்ணை பில்லின் பின்பக்கம் எழுதி, ஆர்.சி. நகலோடு வீட்டில் வையுங்கள். இரண்டு சாவி கொடுத்தால் ஒன்றைத் தொடாமல் அப்படியே வைத்துவிடுங்கள். பிற்பாடு டூப்ளிகேட் போட வேண்டி வந்தால் அந்தப் புதுச் சாவியைப் பார்த்துத்தான் போட வேண்டும். தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டினால் தேய்மானமும் சேர்ந்தே வரும். அப்புறம், சாவியோடு படம் எடுத்து எல்லாரும் பார்க்கும் இடத்தில் போடாதீர்கள். எண் தெரிந்தவர் எவரும் சாவி செய்துகொள்ளலாம். அதே காரணத்துக்காக, ஆர்.சி.யைக் காட்டச் சொல்லாமல் யாருக்கும் பெட்டிச் சாவி போட்டுத் தரக் கூடாது என்று சாவிக்காரர்களையும் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பெரியவர் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் அரத்தைக் கையில் எடுத்தார்.

பூட்டு தனியாக வராது என்ற பதிலை நான் ஏற்க மாட்டேன். கிவியில் ஒரே சாவியில் திறக்கும் இரண்டு பூட்டு, மூன்று பூட்டு கொண்ட செட்டுகளைத் தனியாகவே விற்கிறார்கள். இரண்டு சைடு பாக்ஸ், ஒரு டாப் பாக்ஸ் எல்லாவற்றையும் ஒரு சாவிக்குக் கொண்டுவந்துவிடலாம். பி.எம்.டபிள்யூ பைக்குகளின் பெட்டிப் பூட்டில் உள்ளே இருக்கும் தகடுகளை மாற்றி அடுக்கி, வண்டிச் சாவியாலேயே திறக்கும்படி செய்துகொள்ள முடியும். வண்டி தன் சாவியை அடையாளம் காண அதற்குள் மின்னணு சிப் இருந்தாலும் பெட்டிப் பூட்டுக்கு அது தேவையில்லை, வெறும் வெட்டு போதும். வெளிநாட்டு விலையுயர்ந்த பெட்டியில் முடிகிற இந்தக் காரியம், நம் ஊரில் ஃபைபரிலும் பிளாஸ்டிக்கிலும் செய்து விற்கிறவர்களுக்கு முடியாத காரியம் அல்ல. எண் அடிக்க ஒரு அச்சு, தனியே விற்க ஒரு பூட்டு, இவ்வளவுதான் கேட்கிறேன்.

பழுதுபார்த்துக்கொள்ளும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், கைபேசி உள்ளிட்ட மின்னணுப் பொருட்கள், வீட்டு உபயோகப் பொருட்கள் ஆகியவற்றோடு வாகனங்களும் வாகன உபகரணங்களும் அதன் கவனத்தில் இருந்தன. பைக் பெட்டிக்கும் அதே நியாயம் வேண்டும். சாவியோ பூட்டோ தர மறுக்கும் கடை இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்யுங்கள். ஒருவர் சொன்னால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள், பலர் சொன்னால் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சாவி இருந்தும் திரும்பாத பூட்டுகளும் நிறைய வருகின்றன. மழையும் தூசியும் சேர்ந்து தகடுகளை இறுக்கிவிடும். அதில் தேங்காய் எண்ணெய் விடுவார்கள். முதலில் இளகும், பிறகு தூசியைப் பிடித்து இன்னும் கெட்டியாகும். பென்சில் கரியைப் பொடித்துச் சாவியில் தடவி நாலு முறை உள்ளே விட்டு எடுத்தால் போதும். இறுகிய பூட்டில் பலமாகத் திருப்பினால் சாவி உள்ளேயே முறியும். முறிந்த துண்டை எடுப்பது புதுச் சாவி போடுவதைவிடக் கஷ்டம்.

தங்கள் கட்டுரையில் பெட்டிகளின் விலை, கொள்ளளவு, எடை என்று ஓர் அட்டவணை இருந்தது. அடுத்த முறை அதில் இரண்டு கட்டங்கள் சேர்த்துப் போடுங்கள். சாவியில் எண் உண்டா, பூட்டு தனியாகக் கிடைக்குமா என்று கடைகளில் கேட்டு நிரப்புங்கள். பதில் சொல்லாத இடத்தில் கட்டத்தைக் காலியாகவே விடுங்கள்.

இப்படிக்கு,
இரா. செ.,
உறையூர், திருச்சி.