பாப்பாவின் குரூப்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று போனில் உன் மகள் பாப்பாவைப் பற்றி நீ சொன்னதற்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பத்தாவது முடிஞ்சதும் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்தான், பேச்சே இல்லை" என்றாய். அதைக் கேட்டதும் 2001 ஞாபகம் வந்துவிட்டது. ராத்திரி தூக்கமில்லை.

அப்போது நீ பத்தாவதில் 447 மார்க். காமர்ஸ் எடுத்து ஆடிட்டர் ஆகிறேன் என்று ஒரு வாரம் என் பின்னாலேயே சுற்றினாய். நம் மளிகைக்கடைக் கணக்கை எட்டாவது படிக்கும்போதே எழுதித் தந்தவன் நீ. "இந்த மார்க்குக்கு எவனாவது காமர்ஸ் எடுப்பானா" என்று சொல்லி, விண்ணப்பத்தில் ஃபர்ஸ்ட் குரூப் என்று என் கையாலேயே எழுதினேன். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போய் சைக்கிள் பக்கத்தில் நின்றுகொண்டாய். இன்ஜினியரிங் முடித்தாய், நல்ல வேலைக்குப் போனாய், ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஆனால் "ஏன் ஆடிட்டர்?" என்று ஒரு வார்த்தை உன்னிடம் நான் கேட்கவில்லை. அது தப்பு, தம்பி. இத்தனை வருஷம் சொல்லாததை இப்போது சொல்கிறேன்.

மே மாத லீவில் பாப்பா இங்கே இருந்தபோது செவலை மாடு கன்று போட முடியாமல் தவித்தது. ராத்திரி பதினோரு மணிக்கு மாட்டு டாக்டர் வந்தார். டார்ச் பிடித்தது பாப்பாதான், ஒன்றரை மணி நேரம், கை மாற்றாமல். கன்று விழுந்து மூச்சில்லாமல் கிடந்ததும் வைக்கோலால் நெஞ்சைத் தேய்க்கச் சொன்னார். பயப்படாமல் தேய்த்தாள். மறுநாள் காலையில், "கன்று தப்பாத் திரும்பியிருந்ததை முன்னாடியே கண்டுபிடிக்க முடியாதா, அப்பாரு?" என்று கேட்டாள். கால்நடை மருத்துவம் படிக்கப் போகிறேன் என்றது அதற்கப்புறம்தான்.

அவள் மனசு நாளைக்கே மாறலாம். பதினைந்து வயசு, மாறட்டும். மாறினாலும் வழி அடைபடாத குரூப்பாக எடுத்தால் போதும். டாக்டரிடம் விசாரித்தேன். கால்நடை மருத்துவத்துக்கு உயிரியல் கட்டாயம். உயிரியல் இல்லாத கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் போட்டுவிட்டால் அந்தக் கதவு பதினொன்றாவதிலேயே மூடிவிடும். கணிதமும் உயிரியலும் சேர்ந்த குரூப் எடுத்தால் நீ சொல்கிற இன்ஜினியரிங்கும் கைவிட்டுப் போகாது. உன் காலத்தில் அதற்குத் தனியாக நுழைவுத் தேர்வு எழுதினாய். 2007 முதல் அது கிடையாது, பிளஸ் டூ மார்க்தான். கால்நடை மருத்துவத்துக்கும் நம் மாநில இடங்களுக்கு பிளஸ் டூ மார்க்தான், உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கட் ஆஃப். படிப்பு பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை வருஷம். சென்னை வேப்பேரியில் ஒரு கல்லூரி, நம் நாமக்கல்லில் ஒன்று, இன்னும் சில ஊர்களிலும் இருக்கின்றன. ஒரு சனிக்கிழமை வேப்பேரிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போ. அங்கே ஆஸ்பத்திரியும் சேர்ந்தே இருக்கிறது. கூட்டத்தையும் நாற்றத்தையும் அவளே பார்க்கட்டும்.

காலாண்டில் அறிவியலில் 62தான் என்று கோபப்பட்டாய். "இந்த மார்க்கை வச்சுக்கிட்டு டாக்டரா?" என்று மட்டும் கேட்டுவிடாதே. மார்க்கை வைத்து நான் உன்னிடம் கேட்ட மாதிரியான கேள்விதான் அது. எந்தப் பாடத்தில் மார்க் போனது என்று விடைத்தாளை வைத்து அவளோடு உட்கார். அரையாண்டுக்குள் எதைச் சரிசெய்யலாம் என்று அவளே ஒரு நோட்டில் எழுதட்டும். நீ எழுதிக் கொடுக்காதே. இரண்டு வரி எழுதினாலும் அவள் எழுத்தாக இருக்கட்டும். மாதம் ஒரு தடவை அந்த நோட்டை அவளோடு பார்த்தால் போதும், தினமும் கேட்டு நச்சரிக்க வேண்டாம்.

அப்புறம், ஏன் கம்ப்யூட்டர் என்று உன் காரணத்தையும் அவளிடம் சொல்லு. வேலை கிடைக்குமா என்ற பயம்தானே? எனக்கும் அதுதான் இருந்தது. பயம் என்று சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியும்.

பொங்கல் லீவில் அவளை இங்கே அனுப்பு. டாக்டர் ஒரு நாள் முழுக்க கால்நடை மருந்தகத்தில் கூடவே வைத்துக்கொள்கிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். பழைய துணி இரண்டு செட் கொடுத்தனுப்பு, சாணி பட்டால் போகாது. கன்று நன்றாக வளர்ந்துவிட்டது, பாப்பாவிடம் சொல்லு.

அன்புடன்,
அப்பா