காரணத்தையும் துண்டில் எழுதுங்கள், டொக்டர்

கொழும்பு வைத்தியசாலைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் கடமையாற்றும் வைத்தியர்களுக்கும் அவற்றை நடத்தும் நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம். போன செவ்வாய் இரவு பத்து மணிபோல ஐந்து வயது மகனைத் தூக்கிக்கொண்டு ஓர் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தேன். இரண்டு நாள் காய்ச்சல், தடிமன், மூக்கால் தண்ணியாக ஓடுகிறது, கொஞ்சம் இருமல். தொண்டையைப் பார்க்கவில்லை, காதைப் பார்க்கவில்லை, நெஞ்சில் குழாய் வைக்கவில்லை, அதற்குள் மருந்துத் துண்டு எழுதி முடிந்துவிட்டது. பரசிட்டமோல், இருமல் பாணி, அசித்ரோமைசின் என்ற அன்டிபயோட்டிக். "வைரஸ் காய்ச்சல்தானே டொக்டர், அன்டிபயோட்டிக் எதற்கு?" என்று கேட்டேன். "ஒரு பாதுகாப்புக்கு" என்றார்.

யாருக்குப் பாதுகாப்பு? வைரஸில் அது வேலை செய்யாது என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. டெங்கு பயம் என்றால் இரத்தம் பார்க்கச் சொல்லியிருக்கலாம், டெங்குவும் வைரஸ்தான்.

அந்தச் சொல்லைக் கேட்டு எனக்கு நெஞ்சு பற்றியதற்குக் காரணம் என் அம்மா. வயது 71, சீனி வருத்தம் உண்டு. இந்த வருடத் தொடக்கத்தில் சலத்தில் கிருமி, குளிரும் நடுக்கமும். எந்த மருந்து அந்தக் கிருமியைக் கொல்லும் என்று பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட் மூன்றாம் நாள் வந்தது. பன்னிரண்டு மருந்துகளின் பெயர், அவற்றில் ஒன்பதுக்கு எதிரே 'ஆர்' என்ற ஒற்றை எழுத்து. வேலை செய்யாது என்று அர்த்தம். குளிசையாகக் கொடுக்க ஒன்றுமே மிஞ்சவில்லை. மெரோபெனம் ஊசி, எட்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம், ஏழு நாள் வாட்டில். நான்காம் நாள் இடது கை வீங்கி, வலது கையில் நரம்பு கிடைக்காமல் மிஸ் மூன்று இடத்தில் குத்திப் பார்த்தா. அம்மா கத்தவில்லை, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டா. வீட்டுக்கு வந்து அவவின் பழைய பைலைப் பிரித்துப் பார்த்தேன். இரண்டு வருடத்தில் ஆறு தடவை அன்டிபயோட்டிக், அதில் நான்கு வெறும் தடிமனுக்கும் இருமலுக்கும். நான்கு துண்டிலும் ஏன் என்று ஒரு சொல் இல்லை. எந்தக் குளிசையால் வந்த வினை என்று யாராலும் சொல்ல முடியாது, எனக்கும் தெரியும். ஆனால் தேவையில்லாமல் விழுங்கிய ஒவ்வொன்றும் அந்த 'ஆர்'க்கு வழிவிடுகிறது என்பது நீங்கள் படித்த பாடம்தானே.

உலக சுகாதார நிறுவனம் 2017இல் அன்டிபயோட்டிக்குகளை மூன்றாகப் பிரித்தபோது அசித்ரோமைசினை வைத்தது, கிருமிகளில் மருந்துக்கு எதிர்ப்பு வளரும் ஆபத்துக் கூடிய 'வாட்ச்' கூட்டத்தில். அம்மாவுக்கு ஏற்றிய மெரோபெனமும் அதே கூட்டம். எந்த நோய்க்கு எதைக் கொடுக்கலாம் என்று நம் நாட்டு நுண்ணுயிரியல் நிபுணர்கள் 2016இலேயே தேசிய வழிகாட்டி எழுதிவிட்டார்கள். அது இரவுக் கடமையில் இருப்பவரின் மேசையில் இருக்கிறதா?

இரவில் கூட்டம் நெரிகிறது, ஒருவருக்கு மூன்று நிமிடம் கிடைப்பதே பெரிது, பார்க்கிறோம். மருந்து தராவிட்டால் சண்டைக்கு வரும் பெற்றோரும் இருக்கிறார்கள், அது எங்கள் பக்கத்துப் பிழை. காலி வீதியில் துண்டே இல்லாமல் இரண்டு நாளுக்கு நாலு குளிசை வெட்டிக் கொடுக்கும் பாமசிகளை யார் கேட்பது? சுகாதார அமைச்சு கேட்க வேண்டும், வருடக்கணக்காகக் கேட்கவில்லை. சரி, அது வேறு மடலுக்கு.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அன்டிபயோட்டிக் எழுதும்போது பக்கத்தில் காரணத்தையும் எழுதுங்கள். தொண்டையில் சீழ், காதில் கிருமி, நிமோனியா, எதுவோ அது. எழுதக் காரணம் கிடைக்காவிட்டால் மருந்தை எழுதாதீர்கள். அதற்குப் பதிலாக, காய்ச்சல் எத்தனை நாள் தாண்டினால், மூச்சு எப்படி இழுத்தால் திரும்ப வர வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள், நாங்கள் வருவோம். நிர்வாகத்தினர் மாதம் ஒருமுறை அந்தத் துண்டுகளை எடுத்துப் பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும்.

மகனை மறுநாள் எங்கள் குடும்ப டொக்டரிடம் காட்டினேன். தொண்டை, காது, நெஞ்சு மூன்றையும் பார்த்துவிட்டு அசித்ரோமைசின் தேவையில்லை என்றார். அவருக்கும் அதற்கு ஐந்து நிமிடம்தான் ஆனது. அந்த ஐந்து நிமிடத்தையும் துண்டில் ஒரு வரியையும் தயவுசெய்து எங்களுக்குத் தாருங்கள்.

நன்றியுடன்,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய்