அந்த முன் சீட்டுக்கும் மற்ற எல்லோருக்கும்

சிக்கிள் செல், அதாவது ரத்தச் சிவப்பணு அரிவாள்போல் வளைந்துபோகிற பிறவி நோய், உள்ள என் தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டான். சாப்பிடுகிறான், போன் பார்க்கிறான், அம்மாவிடம் திட்டு வாங்குகிறான். எல்லோரும் கேட்டுக்கொண்டே இருந்தது இதைத்தான், அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

என்ன நடந்தது என்று மறுபடி எழுதப்போவதில்லை. சோலூர்மட்டத்திலிருந்து கோத்தகிரி மார்க்கெட் வரைக்கும் அது தெரியாதவர்கள் இல்லை. தெரியாதவர்கள் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு இன்னும் அந்த ராத்திரியைக் கோவையாகச் சொல்ல வரவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் ஏராளம். கம்பில் ஜமக்காளம் கட்டி அவனைத் தார்ரோடு வரைக்கும் ஏற்றத்தில் தூக்கிவந்த எங்கள் ஊர்ப் பையன்கள், வேண்டாம் என்றாலும் கேட்காமல் தோள் கொடுத்த பெரியப்பா, வாடகைப் பேச்சையே எடுக்காத ஜீப்காரர், ரத்தம் வேண்டும் என்றதும் ஷிப்ட் முடிந்த கையோடு வந்து படுத்த தேயிலை பேக்டரி அண்ணன்மார், ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள், யூனிபார்ம் மாற்றக்கூட நேரமில்லாமல் வந்த காவலர், ராத்திரி முழுக்க நடந்துகொண்டே இருந்த சிஸ்டர்கள், எங்களோடு ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்ட சுகாதார செவிலியர் அக்கா. அரையாண்டுக் கேள்வித்தாளை வார்டுக்கே எடுத்துவந்து, “எழுத வேண்டாம்டா, சும்மா பாத்து வை” என்று தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போன கணக்கு சார். பேர்கூடப் போடாமல் போனில் ஐம்பதும் நூறும் அனுப்பியவர்கள். எல்லோரையும் ஒரே மூச்சில் அடுக்கிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். தனித்தனியாக எழுத உட்கார்ந்தால் தை பிறந்துவிடும்.

முதலில் போன இடத்தில் ஒருவர், “பாத்தா நல்லாத்தானே இருக்கான், நடிக்கிறான்” என்றார். நன்றி மடலில் அவருக்கு இந்த இடம் போதும்.

இனிமேல் எழுதப்போவதற்காகத்தான் நோட்டை எடுத்தேன். கண்டக்டர் அண்ணே, உங்கள் பேரைப் போடவில்லை. “பேரப் போட்டீன்னா டிப்போல கூப்புட்டு, ஸ்டாப் இல்லாத எடத்துல ஏன் நிறுத்துனேன்னு கேப்பாங்க சாமி” என்று நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறது. தட எண்ணும் போடவில்லை, நேரமும் போடவில்லை. அதற்குமேல் ஊர்க்காரர்கள் கண்டுபிடித்தால் நான் பொறுப்பில்லை.

டிஸ்சார்ஜ் ஆனதோடு எங்கள் அலைச்சல் தீரவில்லை என்பது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். இந்த நோய்க்குக் கொடுக்கிற ஹைட்ராக்சியூரியா மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ரத்த அணுக்கள் குறைகிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும், அதற்கேற்ப மாத்திரையின் அளவை மாற்ற வேண்டும். அதனால் ஊட்டிக்கு விடிகாலை பஸ். முதல் தடவை நாங்கள் ஏறியபோது கண்ணாடியெல்லாம் பனியில் வெளுத்திருந்தது. தம்பி குரங்குக் குல்லா, ஸ்வெட்டர், அதற்குமேல் அப்பாவின் கம்பளி என்று சுற்றிக்கொண்டு வந்தான். இருந்தும் அவனைப் பார்த்தால் நோயாளி என்று யாரும் சொல்லமாட்டார்கள். வலி வராத நாளில் சிக்கிள் செல் இருப்பவன் எல்லாரையும் போலத்தான் இருப்பான்.

மாற்றுத்திறனாளி பாஸை நீட்டினான். பாஸைப் பார்த்தீர்கள், அவனைப் பார்த்தீர்கள். “குளிரு ஆகாதா கண்ணு?” என்று கேட்டீர்கள். என்ன நோய், எத்தனை சதவீதம், பிறவியிலேயே வந்ததா, வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது என்று ஒன்றும் கேட்கவில்லை. டிரைவருக்குப் பக்கத்தில், எஞ்சின் மூடியை ஒட்டினாற்போல இருக்கிற சீட்டில் கொண்டுபோய் உட்காரவைத்தீர்கள். மலை பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்த இடம் தெரியும். ஏற்றத்தில் கீழ் கியரில் இழுக்க இழுக்க மூடி சூடேறிக்கொண்டே போகும். வெயில் நாளில் அங்கே உட்கார ஆள் கிடைக்காது. தம்பி செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை அதன் பக்கத்தில் வைத்துக்கொண்டான். தொட்டபெட்டா ஏற்றம் தாண்டும்போது பார்த்தேன், தூங்கிக்கொண்டிருந்தான். அந்த வாரத்தில் அவன் வலி இல்லாமல் தூங்கி நான் பார்த்தது அப்போதுதான்.

இறங்கும்போது, “அடுத்து என்னைக்கு வரச் சொல்லியிருக்காங்க?” என்று கேட்டீர்கள். சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்கிறீர்கள் என்று நினைத்துத் தேதியைச் சொன்னேன். அந்தத் தேதியில் பஸ் வந்தது, எங்கள் ஒற்றையடிப் பாதை ரோட்டைத் தொடுகிற இடத்திலேயே நின்றது. ஏறினால் முன் சீட்டில் ஒரு துண்டு கிடக்கிறது. யாரோ இடம் போட்டிருக்கிறார்கள் என்று பின்னால் நகர்ந்தோம். “எங்க போறீங்க? அது உங்களுக்குப் போட்டதுதான்” என்றீர்கள். ஊரில் கல்யாணப் பந்தியிலும் டவுனுக்குப் போகிற பஸ்ஸிலும் துண்டு போட்டு இடம் பிடிப்பதை எத்தனையோ பார்த்திருக்கிறேன். எங்களுக்காக ஒருவர் துண்டு போட்டு நான் பார்த்ததில்லை.

அதைவிடப் பெரிய காரியம் ஒன்று செய்தீர்கள். அதை நீங்களே மறந்திருப்பீர்கள். அன்றைக்கு மார்க்கெட் நாள், கால் வைக்க இடமில்லை. ஒரு பெரியவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “எளவட்டம் ஒக்காந்து வருது, வயசானவங்க நிக்கிறோம்” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. தம்பி எழப்போனான். எப்போதும் எழுந்துவிடுவான், எழுந்துவிட்டால் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை. நான் வாயைத் திறந்தேன். திறந்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். உடம்பு சரியில்லைங்க, ரத்தத்துல நோயிங்க, நாங்க இருளருங்க, எங்காளுங்களுக்கு இது அதிகமுங்க என்று ஆரம்பித்து, முன்வாசலிலிருந்து பின்வாசல் வரைக்கும் அவன் உடம்பைப் பிரித்து வைக்க வேண்டும். அதற்குப் பிறகு ஊட்டி வரைக்கும் எல்லாருடைய கண்ணும் அவன்மேல் இருக்கும். பதினேழு வயதுப் பையன்.

அதற்குள் நீங்கள், “அது அந்தப் பையனுக்குச் சொன்ன சீட்டுங்கய்யா, நீங்க இப்படி வாங்க” என்று அந்தப் பெரியவரைக் கூட்டிப்போய் உங்கள் சீட்டில் உட்காரவைத்தீர்கள். நீங்கள் கம்பியில் சாய்ந்து நின்றபடி சில்லறை எண்ணினீர்கள். கட்டபெட்டு வந்தது, ஆள் இறங்கினார்கள், ஏறினார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தம்பி மறுபடி காலை நீட்டிக்கொண்டான்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. அதில் சொன்ன 21 குறைபாடுகளில் சிக்கிள் செல்லும் ஒன்று. பாஸ் கிடைத்ததற்குச் சட்டம்தான் காரணம், அதற்கு நன்றியுள்ளவளாகவே இருக்கிறேன். ஆனால் அந்தச் சட்டப்படி ஒன்றைக் கேட்கப் போகிற ஒவ்வொரு மேசையிலும் தம்பி தன் நோயை முதலிலிருந்து சொல்லவேண்டியிருந்தது. சான்றிதழ் இருந்தாலும் முகத்தில் நோய் தெரியவில்லையே என்ற சந்தேகம். பழங்குடி என்று எழுதியிருந்தாலும், இருளர் என்றால் எந்த ஊர், என்ன தொழில் என்ற விசாரிப்பு. அண்ணே, நீங்கள் எதையும் நிரூபிக்கச் சொல்லவில்லை. அதுதான் என் மனசில் இவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

வார்டில் ஒரு இளம் டாக்டர் ராத்திரி ரவுண்ட்ஸில் சொன்னதை அந்த முன் சீட்டில் தம்பி தூங்கும்போது நினைத்துக்கொள்வேன். இந்தியாவில் இந்த நோயை முதன்முதலில் கண்டுபிடித்தது இங்கேதானாம். 1952-ல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரிப் பழங்குடிகளின் ரத்தத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். இந்த மலைச்சரிவுகளில் ஒரு காலத்தில் மலேரியா அதிகம். அப்பா அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த நோயின் மரபணுக் குணம் வந்தவர்களை மலேரியா அவ்வளவாகச் சாய்க்காது. அப்படிப் பிழைத்தவர்களின் பிள்ளைகள்தான் நாங்கள். இரண்டு பக்கமிருந்தும் வந்துவிட்டால்தான் நோய். எங்கள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அந்தக் குணம் உண்டு, இருவருக்கும் ஒரு தலைவலிகூட வந்ததில்லை.

மலேரியா ஏறாத உயரத்தில், குளிருக்காக, வெள்ளைக்காரர்கள் வீடு கட்டினார்கள். கோவைக் கலெக்டர் சல்லிவன் 1819-ல் மலையேறினார். அவருடைய பங்களா கன்னேரிமுக்கில் இன்னும் இருக்கிறது, பள்ளியில் படிக்கும்போது கூட்டிப்போய்க் காட்டினார்கள். அதற்குப் பிறகு கச்சேரி, ஆஸ்பத்திரி, ஆபீஸ் எல்லாம் மேலே குளிரிலேயே அமைந்துவிட்டன. சரிவில் இருக்கிற எங்களுக்குக் குளிரும் தண்ணீர் குடிக்காத அலைச்சலும்தான் வலியைக் கிளப்பும். ஆக, மருந்து வாங்க ஏறிப்போகிற ஊர்தான் வலி வருகிற ஊர். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை, ஆனாலும் அப்படித்தான் இருக்கிறது. 2021-ல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று சமவெளி முழுக்கச் சந்தோஷப்பட்டபோதும், அது மலைக்கு ஏறி வர 2024 ஆகிவிட்டது.

நல்லதும் நடந்திருக்கிறது, சொல்லாமல் விடக்கூடாது. ஊட்டியில் 2025-ல் திறந்த 700 படுக்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பழங்குடியினருக்கென்று தனி வார்டு இருக்கிறது. கோத்தகிரியில் டாக்டர் நரசிம்மன் 1958-ல் பழங்குடியினர் நலனுக்காகத் தொடங்கிய நாவா சங்கத்தைப் பாட்டி காலத்திலிருந்தே எங்களுக்குத் தெரியும். கூடலூரில் ஆதிவாசி ஆஸ்பத்திரி இருக்கிறது, எங்களைப் போன்ற பெண்களே அங்கே நர்ஸாக இருக்கிறார்கள். இவ்வளவும் இருந்தும், எங்கள் பாதை ரோட்டைத் தொடுகிற இடத்தில் ஸ்டாப் இல்லை. இருக்கிற ஸ்டாப்புக்கு, வலி இருக்கிறவன் பனியில் ஏறி நடக்க வேண்டும். மனு எழுதியிருக்கிறேன். வரும் கிராம சபையில் கொடுக்கிறேன், எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. ஸ்டாப் வந்துவிட்டால் கண்டக்டர் அண்ணனை யாரும் டிப்போவில் கேள்வி கேட்க முடியாது பாருங்கள்.

இன்னொன்றும் செய்யப்போகிறேன். செவிலியர் அக்காவோடு எங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் வீடு வீடாகப் போய் எல்லோரையும் ரத்தம் பார்க்க வைப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். 2023-ல் தொடங்கிய தேசிய சிக்கிள் செல் திட்டத்தில் 40 வயது வரை உள்ளவர்களுக்குப் பரிசோதனை செய்கிறார்கள். போன வாரமே இரண்டு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். “பொண்ணுக்கு இருக்குன்னு தெரிஞ்சா யார் கட்டுவா?” என்று ஒரு சித்தி கேட்டார். நியாயமான பயம். ஒருவருக்கு மட்டும் அந்தக் குணம் இருந்தால் கல்யாணத்துக்குத் தடையே இல்லை, இருவருக்கும் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு நோய் வர வாய்ப்பு, அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்கலாம் என்று சொன்னேன். சித்தி ஒத்துக்கொள்ளவில்லை. காபி கொடுத்தார். மறுபடி போவேன். எனக்கு யாரும் கேள்வி கேட்காமல் சீட்டுக் கொடுத்திருக்கிறார்கள், நானும் சித்தியிடம் கேள்வி கேட்காமல் காபியைக் குடித்துக்கொண்டே காத்திருக்கிறேன்.

தம்பி உங்களுக்குத் தனியாக ஒரு வரி எழுதச் சொன்னான் அண்ணே: பரீட்சை முடிந்ததும் ஒரு நாள் பின் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து வருவானாம், கோபித்துக்கொள்ளக் கூடாதாம்.

கடைசியாக ஒரு விஷயம். வார்டில் யாரோ ஒருவர் எங்களுக்குக் கொடுத்த சிவப்புக் கட்டம் போட்ட கம்பளியும், மூடியில் விரிசல் விட்ட ஒரு பெரிய பிளாஸ்க்கும் எங்களிடமே தங்கிவிட்டன. அம்மா கம்பளியைத் துவைத்துக் காயவைத்து மடித்துவிட்டார். பிளாஸ்க் மூடி முன்பே விரிந்திருந்தது, நாங்கள் உடைக்கவில்லை. உங்களுடையது என்றால் சோலூர்மட்டம் ரேஷன் கடையில் சொல்லிவிடுங்கள், நான் கொண்டுவந்து தருகிறேன்.