கலந்த பையைத் திருப்பிக் கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

2024 ஏப்ரலில் வெள்ளலூர் குப்பைக் கிடங்கு தீப்பிடித்தபோது கோவையில் புகையைப் பற்றித்தான் பேச்சு. குப்பை மேட்டுக்குள் புதைந்த சோறும் காய்கறியும் காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் என்ற எரிவாயு கிளம்பும். பக்கத்திலேயே பிளாஸ்டிக்கும் கந்தலும் கிடந்தால் விறகும் தயார். தண்ணீர் பீய்ச்சினால் மேல்தட்டு அணையும், அடியில் கனல் அப்படியே கிடக்கும். சோறும் பிளாஸ்டிக்கும் ஒரே பையில் அங்கே போய்ச் சேராமல் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக, எங்கள் தெருக்களின் குடியிருப்போரும் கடைக்காரர்களும் சேர்ந்து எழுதும் மடல் இது.

முதல் நன்றி, பேட்டரி வண்டியில் வாசலுக்கு வந்து குப்பை எடுக்கும் அக்காக்களுக்கு. கலந்த பையை வாங்க மாட்டோம் என்று வாசலிலேயே திருப்பிக் கொடுத்தீர்கள். திட்டு வாங்கினீர்கள், மறுநாளும் திருப்பிக் கொடுத்தீர்கள். திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016-லேயே குப்பையைப் பிரித்துத் தரச் சொல்லிவிட்டன. தெருவில் அது நடந்தது உங்கள் பிடிவாதத்தால்தான். பால் கவரின் மூலையை முழுசாக வெட்டி எடுக்காமல் ஒட்டிக்கொண்டிருக்கும்படி கீறச் சொன்னதும் நீங்களே. அந்தத் துணுக்கு தனியே விழுந்தால் சல்லடைக்குத் தப்பி உரத்தோடு தோட்டத்துக்குப் போய்விடலாம். உடைந்த கண்ணாடியைப் பழந்துணியில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து, மேலே ‘கண்ணாடி’ என்று எழுதித் தர வேண்டும். இன்சுலின் ஊசி, கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் மூடி போட்டு வர வேண்டும். நாப்கினும் டயப்பரும் செய்தித்தாளில் பொதிந்து சிவப்புப் புள்ளியோடு தனியாக வர வேண்டும். புள்ளி இல்லாவிட்டால் என்ன ஆகும்? உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஒருவர் அதைக் கையால் பிரிப்பார். அந்தக் கை உங்களுடையது என்பது எங்களுக்கு உறைக்க நாளாகிவிட்டது.

வீட்டு வேலை செய்யும் அம்மாக்களுக்கும் இதே வரிசையில் நன்றி. பல வீடுகளில் எது ஈரக்குப்பைக்கான பச்சைத் தொட்டி, எது காய்ந்த குப்பைக்கான நீலத் தொட்டி என்று வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது, அந்த அம்மாக்களுக்குத்தான் தெரியும். கூட்டம் போட்டு நோட்டீஸ் கொடுத்தபோது அவர்களை அழைக்காமல் விட்டது எங்கள் தவறு.

உரக்கூடத்தில் நிற்பவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே நடப்பது வெளியே தெரிவதில்லை, நாற்றம் வந்தால் மட்டும்தான் ஆட்கள் எட்டிப் பார்க்கிறார்கள்.

வரும் ஈரக்குப்பையை மேசையில் கொட்டி ரப்பர் பேண்டு, பழ ஸ்டிக்கர், ஸ்பூன் எல்லாம் பொறுக்கி எடுக்கிறார்கள். எவர்சில்வர் ஸ்பூன்களில் பல காந்தத்தில் ஒட்டாது, கண்ணால்தான் பிடிக்க வேண்டும். ஒன்று தப்பினாலும் அரவை இயந்திரத்தின் பிளேடு போச்சு. வாழைத்தண்டையும் பட்டையையும் அரிவாளால் குறுக்கே ஒரு சாண் துண்டுகளாக வெட்டிவிட்டே அரவைக்குப் போடுகிறார்கள். நீளமாகப் போட்டால் நார் இயந்திரத்தின் சுழல்தண்டில் சுற்றி மோட்டார் புகையும். பிறகு காற்றுத் துளை வைத்துக் கட்டிய செங்கல் தொட்டியில் அரை அடி ஈரக்குப்பை, அதன்மேல் இரண்டு மூன்று அங்குலம் சருகு, அதன்மேல் 10 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ சாணம் கரைத்த கரைசல் தெளிப்பு. இப்படியே அடுக்கு மேல் அடுக்கு. கடைசி அடுக்கு எப்போதும் சருகுதான். சோறு வெளியே தெரிந்தால் ஈ முட்டையிடும், எலியும் வரும்.

ஈரம் பார்க்க அவர்கள் வைத்திருக்கும் கருவி கைதான். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் சருகு சேர்க்க வேண்டும், உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். சூட்டுக்கு ஓர் இரும்புக் கம்பி. குவியலின் நடுவில் செருகிப் பத்து நிமிடம் விட்டு உருவினால் பிடிக்க முடியாதபடி சுட வேண்டும். உள்ளே 55 பாகை செல்சியஸுக்கு மேல் போனால்தான் களைவிதையும் நோய்க்கிருமியும் சாகும். வாரம் ஒருமுறை ஓரத்தில் இருப்பது நடுவுக்கு வரும்படி புரட்டுகிறார்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று போகவில்லை, உடனே புரட்ட வேண்டும். மூக்கைக் குத்தும் அமோனியா நெடி வந்தால் சருகு போதவில்லை. இரண்டையும் ‘நாத்தம்’ என்று ஒரே சொல்லால் புகார் செய்த எங்களுக்கு வித்தியாசத்தைப் பொறுமையாகச் சொல்லித் தந்தார்கள்.

40 முதல் 45 நாள் தொட்டியில், பிறகு பத்துப் பதினைந்து நாள் நிழலில். 4 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால், 100 கிலோ ஈரக்குப்பைக்குக் கிடைப்பது 15 முதல் 20 கிலோ உரம். பக்குவமாகிவிட்டதா என்று பார்க்க அதில் வெந்தயம் தூவி வைக்கிறார்கள். மூன்று நாளில் முளைத்தால் மூட்டை கட்டலாம். முளை கருகினால் மறுபடி நிழலுக்கு.

சருகு கிடைக்காத மாதங்களில் நார்த்தூள் கொண்டுவந்து தரும் பொள்ளாச்சிப் பக்கத்துக் கயிறு ஆலைக்காரருக்கு நன்றி. அதிகம் போடாதீங்க என்று எச்சரித்ததற்கு இன்னொரு நன்றி. நார்த்தூள் ஈரத்தை நன்றாகவே இழுக்கும், ஆனால் அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் எளிதில் மக்காது, போட்ட அளவுக்கு உரம் தாமதமாகும்.

கடைகளுக்கு வருவோம். ஒரு நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடத்தை அந்த 2016 விதிகள் பெருமளவு குப்பை உருவாக்குபவர் என்று வகுத்தன. அந்த அளவைத் தொடாத மெஸ்களும் பேக்கரிகளும் அதே ஒழுங்கைத் தாங்களாகவே ஏற்றன. இலையில் மிச்சமானதை ஒரு டிரம்மிலும் வெறும் இலையை இன்னொன்றிலும் போடுகிறார்கள். சாம்பார் ஊறிய இலைக் கட்டு அரவையில் கூழாகிவிடும், அதனால்தான் இந்தப் பிரிவினை. பொரித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் சேர்த்து பயோடீசலுக்குக் கொடுக்கிறார்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் எண்ணெயில் சேரும் கெட்ட பொருள்களான மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதில் மறுபடி பொரிக்கக் கூடாது என்பது 2018 முதல் சட்டம். எடுத்த எண்ணெய் தெருவோரத் தள்ளுவண்டிக்குப் போய்விடாமல் பார்த்துக்கொண்டீர்களே, அதுதான் பெரிய உபகாரம்.

கல்யாண மண்டப மேலாளர்களுக்கும் நன்றி. பந்தி மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை. தடை இருப்பதாலேயே நின்றுவிடவில்லை. எவர்சில்வர் டம்ளரும் கழுவ ஆளும் மண்டபமே தருகிறது என்று நீங்கள் அறிவித்த பிறகே நின்றது.

காயலாங்கடை அண்ணனுக்கு எங்கள் கடன் பெரிது. அட்டை நனைந்தால் விலை பாதாளத்துக்குப் போகும், ஆகவே மழை நாளில் அட்டையை வெளியே வைக்காதீர்கள் என்றார். தண்ணீர் பாட்டில் ஒரு வகைப் பிளாஸ்டிக், அதன் மூடி வேறு வகை. தண்ணீரில் போட்டால் பாட்டில் துண்டு மூழ்கும், மூடி மிதக்கும். சிப்ஸ் பாக்கெட் அலுமினியத் தாள் போலத் தெரியும், ஆனால் கசக்கினால் மறுபடி விரிந்துகொள்ளும். அது படலம் படலமாக ஒட்டிய பிளாஸ்டிக், விலைக்குப் போகாது, காய வைத்துக் கட்டினால் சிமென்ட் ஆலைச் சூளைக்குத்தான் போகும். காசு வராத அந்த மூட்டைகளுக்கும் தன் கடையில் இடம் கொடுத்து வைத்திருக்கிறார்.

ஒரு வருத்தத்தையும் மறைக்க வேண்டாம். பிரித்துக் கொடுத்ததை மாலையில் ஒரே லாரியில் ஒன்றாகக் கொட்டியதும் நடந்தது. யார் என்று இங்கே எழுதவில்லை. அதைப் பார்த்த வீடுகள் மறுநாளே பிரிப்பதை நிறுத்தின. திரும்ப வாசல் வாசலாகப் போய்ப் பேசியது யார் என்று நினைக்கிறீர்கள்? மேலே முதல் நன்றி பெற்ற அதே அக்காக்கள்.

வடகிழக்கு மழை பிடித்துவிட்டால் காய்ந்த சருகு கிடைக்காது. புரட்டாசி முடிவதற்குள் வீட்டுத் தோட்டங்களிலும் பள்ளி வளாகத்திலும் கூட்டும் சருகை எரிக்காமல் சாக்கில் கட்டி உரக்கூடத்தின் பின்பக்கம், தார்ப்பாய்க்கு அடியில் வைத்துவிடுங்கள். வேப்பஞ்சருகு, புங்கஞ்சருகு எதுவானாலும் சரி. சாக்கு திருப்பித் தரப்படும்.

நன்றியுடன்,
குடியிருப்போரும் வணிகர்களும்