யாருடைய ஆளும் இல்லாதவர்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. குடியிருப்போர் சங்கத்துக்கு உன்னைத் தற்காலிகத் தலைவராக உட்கார வைத்துவிட்டார்கள் என்று படித்ததும் நான் சிரித்த சிரிப்பில் இவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நீ இரண்டு கோஷ்டியிலும் இல்லை, அதனால்தான் நீயாம். அதிலிருந்து எனக்கு மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள லைபீரியாவின் இடைக்காலத் தலைவர் ஜூடே பிரையன்ட் ஞாபகமாகவே இருக்கிறது.

கேள்விப்பட்டிருக்க மாட்டாய். அங்கே ஓர் உள்நாட்டுச் சண்டை, 1989-இல் தொடங்கி இடையில் கொஞ்ச காலம் ஓய்ந்து 2003 வரை இழுத்தது. அந்த ஆகஸ்டில் ஜனாதிபதி சார்லஸ் டெய்லர் பதவியை விட்டு நைஜீரியாவுக்குப் போனார், ஒரு வாரத்தில் கானாவின் தலைநகர் அக்ராவில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. இடைக்கால அரசுக்குத் தலைவர் வேண்டும். பட்டியலில் எலன் ஜான்சன் சர்லீஃபும் இருந்தார், உலகம் அறிந்த பொருளாதார நிபுணர். ஆனால் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் பிரையன்டைத்தான் எடுத்தார்கள். கனரக இயந்திரங்கள் விற்கிற வியாபாரி, தேவாலயக் காரியங்களில் ஈடுபாடுள்ளவர், படை கிடையாது. ஆபத்தில்லாத மனிதர் என்று நினைத்திருப்பார்கள்.

பதவிப் பெயர்கூட ஜனாதிபதி இல்லை, வெறும் சேர்மன். 2003 அக்டோபரில் அவர் உட்காரும்போது அமைச்சரவை ஏற்கெனவே பங்கு போட்டாகிவிட்டது: டெய்லரின் பழைய அரசுக்கு ஐந்து, இரண்டு கிளர்ச்சிப் படைகளுக்கும் ஐந்தைந்து, மிச்சம்தான் கட்சிகளுக்கும் மற்ற அமைப்புகளுக்கும். தன் அமைச்சர்களைத் தானே தேர்ந்தெடுக்க முடியாத தலைவர் எதை ஆள்வது, சொல்லு. நாட்டைக் காத்தது ஐ.நா.வின் 15,000 சிப்பாய்கள்தான்.

ஆயுதம் ஒப்படைக்கிற கதையைக் கேள். டிசம்பரில் தலைநகர் மன்ரோவியாவுக்கு வெளியே ஒரு முகாமில் தொடங்கினார்கள், ஏற்பாடு கொஞ்சப் பேருக்கு, வந்து நின்றதோ ஆயிரக்கணக்கில், உடனே பணம் கொடு என்று கலவரம், நிறுத்திவிட்டு ஏப்ரலில்தான் மறுபடி ஆரம்பித்தார்கள். ஆளுக்கு 300 டாலர், இரண்டு தவணை. கடைசியில் பதிவு செய்தவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல், வந்த துப்பாக்கிகள் முப்பதாயிரம்கூட இல்லை! தோட்டாக்களைக் கொண்டுவந்தாலும் சேர்த்துக்கொண்டார்கள், அதனால் சண்டையே போடாதவர்களும் வரிசையில் நின்றார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. அந்த ஊரில் அன்றைக்கு வேறு என்ன வருமானம்?

ஊழலில் கை சுத்தம் என்று அந்த அரசைச் சொல்ல முடியாது. 2005-இல் நன்கொடை நாடுகள் பொறுமையிழந்து, முக்கிய அலுவலகங்களில் வெளிநாட்டு நிபுணர்களும் கையெழுத்துப் போட்டால்தான் பணம் நகரும் என்று வைத்தார்கள். பார்க்க அவமானம்தான், ஆனால் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

இருந்தாலும் ஒன்று. பிரையன்ட் அடுத்த தேர்தலில் நிற்கக் கூடாது என்பது ஒப்பந்தத்திலேயே இருந்தது, அதை அவர் இழுத்தடிக்கவில்லை. தேர்தல் நடந்தது, கால்பந்து வீரர் ஜார்ஜ் வியாவை இரண்டாம் சுற்றில் தோற்கடித்தவர் அக்ராவில் ஒதுக்கப்பட்ட அதே சர்லீஃப், 2006 ஜனவரி 16 அன்று பிரையன்ட் அவரிடம் பதவியை ஒப்படைத்துவிட்டுப் போனார். அந்த ஊரில் இது எவ்வளவு அபூர்வம் என்று அங்குள்ளவர்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம் நடந்ததுதான் உனக்கு வேண்டியது. மறு ஆண்டே அரசுப் பணத்தை எடுத்தார் என்று பிரையன்ட்மேல் வழக்கு, அதிலிருந்து வெளியே வரச் சில வருஷம் பிடித்தது. 2014-இல் இறந்தும் போனார். அதனால் ஜெனரேட்டர் டீசல் பில்லைக்கூடத் தூக்கிப் போடாதே.

முட்டிவலி இப்போது தேவலை. தையில் வருகிறேன். பழைய தலைவர் பீரோ சாவியைக் கொடுத்தாரா இல்லையா, அதை முதலில் எழுது.

உன்,
ராமலிங்கம்